ஆடாசிட்டி: பாராட்டா, வசவா? ஒரு சொல்லைக் கையாள முழு வழிகாட்டி

1690இல் தேவனாம்பட்டினக் கோட்டையை மராட்டியரிடமிருந்து ஆங்கிலேயக் கம்பெனி விலைக்கு வாங்கியது. கோட்டையோடு எவ்வளவு நிலம் சேரும் என்பதற்கு ஒப்பந்தம் சொன்ன அளவுகோல் விசித்திரமானது. கோட்டையிலிருந்து சுடும் பீரங்கிக் குண்டு எங்கே போய் விழுகிறதோ அதுவரை கம்பெனிக்குச் சொந்தம். குண்டு தூரம் போகப் போக நிலம் கூடும் என்பதால் கம்பெனி பெரிய பீரங்கியாகப் பார்த்துத்தான் வைத்துச் சுட்டது. அந்த வளையத்துக்குள் சிக்கிய ஊர்களுக்குக் குண்டு கிராமங்கள் என்றே பெயர் வந்தது. கடலூரை ஒட்டிய குண்டு உப்பலவாடியின் பெயரில் அந்தக் குண்டு இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

இந்தச் செயலை ஒரே ஆங்கிலச் சொல்லில் சொல்லச் சொன்னால் ஆடாசிட்டி என்று சொல்லலாம். கம்பெனிக்காரர் தன் கணக்குப் புத்தகத்தை வைத்துக்கொண்டு சொன்னால் அது பாராட்டு: என்ன துணிச்சலான பேரம்! நிலத்தை இழந்த ஊர்க்காரர் சொன்னால் அதே சொல் வசவு: பீரங்கி வைத்து நிலம் அளக்க என்ன நெஞ்சழுத்தம்! ஒரு சொல் இரண்டு முகத்தோடு நிற்கிறது. ஆங்கிலம் நன்றாகப் படித்தவர்கள்கூட இந்தச் சொல்லில் சறுக்குவதற்குக் காரணம், அகராதியில் 'துணிச்சல்' என்று ஒரே ஒரு பொருளைப் பார்த்து மனப்பாடம் செய்துவிடுவதுதான். எந்த இடத்தில் எந்த முகம் என்பதை வாக்கிய அமைப்பே காட்டிக்கொடுக்கும். அதைப் படிக்கக் கற்றுக்கொண்டால் போதும்.

முதல் படி: வாயில் சரியாக வரட்டும்

எட்டு எழுத்துகள். ஏ, யு, டி, ஏ, சி, ஐ, டீ, ஒய். மூன்றாவது எழுத்து 'டாக்டர்' தொடங்கும் எழுத்து. ஏழாவது 'டிரெயின்' தொடங்கும் எழுத்து. தமிழில் இரண்டும் ஒரே மாதிரி ஒலிப்பதால் எழுதும்போது இடம் மாறிப்போகும்.

முதல் இரண்டு எழுத்தான ஏ-யுவைப் பார்த்ததும் 'அவுடாசிட்டி' என்று படிப்பவர்கள் உண்டு. ஆட்டோ, ஆகஸ்ட், ஆடிட் மூன்றும் ஆங்கிலத்தில் இதே இரண்டு எழுத்தில்தான் தொடங்குகின்றன. ஆரோவில் போகும் வழியில் உள்ள கைகாட்டிப் பலகையிலும் முதலில் நிற்பவை அவையே. ஆட்டோவுக்கு வாய் எப்படித் திறக்கிறதோ அப்படியே இதற்கும் திறக்க வேண்டும். உதட்டைக் கொஞ்சம் குவித்தால் இன்னும் சரியாக வரும்.

அழுத்தம் இரண்டாம் அசையில்: ஆ-டா-சி-ட்டி, 'டா' ஓங்கி ஒலிக்கும். 'கெபாசிட்டி' என்ற சொல் எல்லோர் வாயிலும் புழங்குவதுதான். அதன் தாளமே இதற்கும். பெயரடையான ஆடேஷஸ் வேறு தாளம். அதில் 'டே' என்று நீளும். வீடு விற்கும் விளம்பரங்களில் வருகிற 'ஸ்பேஷஸ்' என்பதோடு இயைபு பிடித்து நினைவில் வைக்கலாம். 'ஆடாசியஸ்' என்று சொல்வது தவறு. எழுத்தில் முதல் ஆறும் இரண்டு சொல்லுக்கும் பொது. அதன் பிறகு பெயர்ச்சொல்லில் டீ-ஒய், பெயரடையில் ஓ-யு-எஸ்.

புதுச்சேரியில் பிரெஞ்சு படித்தவர்களுக்கு ஒரு கூடுதல் எச்சரிக்கை. பிரெஞ்சில் இதன் உறவுச்சொல் 'ஓதாஸ்'. அங்கே ஏ-யு 'ஓ' ஆகிவிடும், 'த' பல்லில் படும். அந்தப் பழக்கத்தில் ஆங்கிலத்திலும் 'ஓடாசிட்டி' என்று வந்துவிடுகிறது. ஆனால் பொருள் விஷயத்தில் பிரெஞ்சு தெரிந்தவர்களுக்கு ஒரு வசதி இருக்கிறது: 'அவ்வார் லோதாஸ் த' என்ற பிரெஞ்சுத் தொடரும், கீழே பார்க்கப்போகும் ஆங்கிலத் தொடரும் ஒரே அச்சில் வார்த்தவை.

இரண்டாம் படி: வேரைப் பார்த்தால் இரட்டை முகம் புரியும்

லத்தீனில் 'ஆதேரே' என்றால் துணிதல். அதிலிருந்து 'ஆதாக்ஸ்', துணிந்தவன், 'ஆதாசியா', துணிவு. ஆடியோ, ஆடிட்டோரியம் ஆகியவை 'ஆதீரே', அதாவது கேட்டல், என்ற வேறு வினையிலிருந்து வந்தவை. எழுத்து ஒத்துப்போகிறதே என்று இரண்டையும் ஒரே குடும்பத்தில் சேர்த்துவிடக் கூடாது. ஒலிப்பதிவைத் திருத்தும் இலவச மென்பொருள் ஒன்று 2000இல் இதே பெயரில் வெளியானதால் குழப்பம் கூடிவிட்டது. இணையத்தில் தேடும்போது சொல்லோடு 'மீனிங்' என்று சேர்த்துத் தட்டினால் மென்பொருள் பக்கங்கள் ஒதுங்கும்.

ஆதேரே என்ற வினைக்கும் அடியில் இருப்பது 'ஆவல்' என்ற பொருள். வேண்டும் என்ற வேகம் வரம்பைத் தாண்டவைக்கிறது. தாண்டியவன் வென்றால் வீரன், நமக்கு எதிரியானால் திமிர் பிடித்தவன். கி.மு. 63இல் ரோம் செனட்டில் ஆட்சியைக் கவிழ்க்கச் சதி செய்த கத்திலினாவைச் சாடிய சொற்பொழிவாளர் சிசரோ, உரையின் தொடக்கத்திலேயே அவனுடைய 'கடிவாளமில்லாத ஆதாசியா' எதுவரை போகும் என்று கேட்டார். அது வசவு. 1792 செப்டம்பர் 2 அன்று, பிரஷ்யப் படை பாரிசை நோக்கி வந்துகொண்டிருந்தபோது, பிரெஞ்சுப் புரட்சித் தலைவர் தாந்தோன் சட்டமன்றத்தில் எழுந்து 'ஓதாஸ், இன்னும் ஓதாஸ், எப்போதும் ஓதாஸ்' வேண்டும் என்று முழங்கினார். அது அறைகூவல். ஆங்கிலம் இரண்டையும் சேர்த்தே வாங்கிக்கொண்டது.

மூன்றாம் படி: பெயர்ச்சொல்லின் அச்சு

அதிகம் பயன்படுவதும் அதிகம் தவறுவதும் இதுதான். நிதானமாகப் பார்ப்போம்.

'ஹேட் தி ஆடாசிட்டி டு' என்பதை அடுத்து ஒரு வினையடி வரும். இந்த அச்சு வந்தால் பெரும்பாலும் வசவு. புதுச்சேரி பேருந்து நிலையத்தில் கடலூர் வண்டி வந்து நிற்கிறது. ஒருவர் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடிக்கிறார். ஏறி வந்து பார்த்தால் அங்கே ஒரு பாட்டி உட்கார்ந்திருக்கிறார். 'எழுந்திரும்மா, இது என் சீட்டு' என்கிறார். ஆங்கிலத்தில்: 'ஹீ ஹேட் தி ஆடாசிட்டி டு ஆஸ்க் ஆன் ஓல்ட் உமன் டு கெட் அப்.' இதைக் கேட்பவருக்கு, சொல்பவர் கோபத்தில் இருக்கிறார் என்று அந்த ஐந்தாறு சொல்லிலேயே தெரிந்துவிடும். இங்கே 'துணிச்சல்' என்று மொழிபெயர்த்தால் பாட்டிக்குத் துரோகம். 'எழுந்திருக்கச் சொல்ல அவனுக்கு என்ன திமிர்' என்பதே சரி.

தமிழ் பேசுபவர்கள் இந்த அச்சில் செய்யும் தவறுகள் ஏறக்குறைய எல்லாமே தமிழ் இலக்கணத்திலிருந்து கசிந்து வருபவை.

'தி' விட்டுப்போவது முதலாவது. தமிழில் அந்த வகைச் சொல்லே கிடையாது என்பதால் 'ஹீ ஹேட் ஆடாசிட்டி டு ஆஸ்க்' என்று எழுதிவிடுகிறோம். ஆங்கிலக் காதுக்கு அது பல் இல்லாத வாய் மாதிரி. தொடரை 'தி'யோடு சேர்த்தே மனப்பாடம் செய்ய வேண்டும். தனிச்சொல்லாகச் செய்தால் 'தி' எப்போதும் கழன்றுவிடும்.

'கேட்கும் துணிச்சல்' என்ற எச்சத்தை அப்படியே பெயர்த்து 'தி ஆடாசிட்டி ஆஃப் ஆஸ்கிங்' என்று எழுதுவது அடுத்தது. 'ஹேட்' என்ற வினைக்குப் பிறகு இயல்பாக வருவது 'டு ஆஸ்க்'.

மூன்றாவது, 'கேட்டான்' என்பது இறந்தகாலம் ஆயிற்றே என்று 'டு ஆஸ்க்ட்' ஆக்குவது. காலத்தை 'ஹேட்' சுமந்துவிட்டது. இந்த அச்சில் 'டு'வுக்குப் பின் வினை எப்போதும் வெறும் அடியாகவே நிற்கும். நிகழ்காலத்துக்கு 'ஹேஸ்' அல்லது 'ஹேவ்'. 'ஹவ் மச் ஆடாசிட்டி யூ ஆர் ஹேவிங்' என்பது 'உனக்கு எவ்வளவு தைரியம் இருக்கு' என்பதன் நேர் நகல். அதை ஆங்கிலம் ஏற்காது. நேருக்கு நேர் கேட்க 'ஹவ் டேர் யூ!' என்ற தொடர் இருக்கிறது. அங்கே இல்லாத ஆளைப் பற்றி மற்றவரிடம் பொரிந்து தள்ள 'தி ஆடாசிட்டி!' என்று சொல்லி நிறுத்தினாலே முழு வாக்கியம். நம் 'என்னா திமிரு!' அதற்கு அச்சு அசலான இணை.

இது எண்ணமுடியாப் பெயர். 'ஆன் ஆடாசிட்டி', 'டூ ஆடாசிட்டீஸ்' இரண்டும் வேண்டாம். எண்ணித்தான் ஆக வேண்டுமென்றால் 'ஆன் ஆக்ட் ஆஃப் ஆடாசிட்டி'. அளவு காட்ட 'ஷியர்' என்ற அடை நன்றாகப் பொருந்தும்: 'தி ஷியர் ஆடாசிட்டி'.

'ஆஃப்' வரும் அச்சில் ஒரு நுட்பம். 'ஆஃப்'பை அடுத்து ஒரு திட்டமோ கட்டடமோ கனவோ வந்தால் வியப்பு: 'தி ஆடாசிட்டி ஆஃப் தி டிசைன்'. ஆள் வந்தால் எரிச்சல்: 'தி ஆடாசிட்டி ஆஃப் திஸ் மேன்!' விதிவிலக்கு உண்டு. ஆனால் ஐயம் வந்தால் இந்தக் கணக்கை நம்பலாம்.

கடைசியாக, எதிர்மறை வாக்கியம். 'அவனுக்குக் கேட்கத் தைரியம் வரவில்லை' என்பதை 'ஹீ டிட் நாட் ஹேவ் தி ஆடாசிட்டி டு ஆஸ்க்' என்று எழுதினால், கேட்டிருந்தால் அது திமிர் என்ற நிழல் விழும். இல்லாத தைரியத்தைப் பற்றிப் பேசும்போது 'கரேஜ்' போடுங்கள்.

நான்காம் படி: பெயரடை

ஆடேஷஸ் பெரும்பாலும் நல்ல பக்கம் சாயும். பிளான், மூவ், பிட், அட்டெம்ப்ட், கோல், ரெய்ட் ஆகிய சொற்களுக்கு முன்னால் சகஜமாக நிற்கும். உயிர் ஒலியில் தொடங்குவதால் 'எ' அல்ல, 'ஆன்': 'ஆன் ஆடேஷஸ் பிளான்'. 1990களில் நிர்வாகவியலில் பரவிய 'பிக் ஹேரி ஆடேஷஸ் கோல்' என்ற சொற்றொடர் இதை அலுவலகப் பேச்சுக்குள் இழுத்துவந்தது. அங்கே இதற்கு மலைப்பூட்டும் இலக்கு என்று பொருள்.

இதன் தமிழைத் தேடி அலையவேண்டியதில்லை. நாளிதழ்களில் 'துணிகரம்' என்ற சொல் காலம் காலமாகப் புழங்குகிறது. 'பட்டப்பகலில் துணிகரக் கொள்ளை' என்ற தலைப்பில் உள்ள 'துணிகர' என்பதை ஆடேஷஸ் என்று தயங்காமல் பெயர்க்கலாம். கொள்ளையனைப் பாராட்டவில்லை, ஆனால் யாரும் செய்யத் துணியாததைச் செய்தான் என்ற மலைப்பும் அதில் இருக்கிறது. ஒரு சின்ன எச்சரிக்கை: 'டேலைட் ராபரி' என்று மட்டும் எழுதினால் ஆங்கிலத்தில் அநியாய விலை என்ற பொருளும் உண்டு, நம் 'பகல் கொள்ளை' போலவே.

இன்னொரு தமிழ்ச் சொல் இதைவிடச் சுவையானது. 1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் என்ற ஜெர்மானியப் போர்க்கப்பல் சென்னைத் துறைமுகத்துக்கு அருகே வந்து பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டு எரித்துவிட்டுப் போனது. பிரிட்டிஷ் கடற்படையின் ஆட்சியிலிருந்த கடலில் ஒற்றைக் கப்பல்! அன்றிலிருந்து 'அவன் சரியான எம்டன்' என்றால் பயமும் வியப்பும் கலந்த ஒரு பட்டம். அந்தத் தாக்குதலை 'ஆன் ஆடேஷஸ் ரெய்ட்' என்றால் ஆங்கிலம் பேசுபவர் தலையாட்டுவார். எதிரி செய்ததையும் வியக்கவைக்கும் சொல் இது. ஆடேஷஸ் என்பதன் உயிர் இந்த ஒரு உதாரணத்தில் முழுதாக இருக்கிறது.

ஐந்தாம் படி: அக்கம்பக்கத்துச் சொற்கள்

தைரியம் என்ற ஒரே சொல்லை வைத்துத் தமிழ் குரலின் ஏற்ற இறக்கத்தால் பாராட்டவும் திட்டவும் செய்யும். ஆங்கிலம் அந்த வேலையைத் தனித்தனிச் சொல்லுக்குப் பங்கு போட்டிருக்கிறது.

பிரேவ், கரேஜ் இரண்டும் எப்போதும் நல்லவை. ஆபத்தையோ வலியையோ தாங்கி நிற்பவர் பிரேவ். மனத்துக்குள் இருக்கும் உறுதி கரேஜ். ஜிப்மரில் அறுவை சிகிச்சைக்குப் படுத்திருக்கும் குழந்தையை ஆடேஷஸ் என்று சொல்லவே கூடாது, பிரேவ்தான். அங்கே எந்த வரம்பும் மீறப்படவில்லை. வரம்பு மீறல் இல்லாத இடத்தில் ஆடாசிட்டிக்கு வேலை இல்லை.

போல்ட் நடுநிலையானது. நம் ஊர்ப் பேச்சில் 'அவ போல்டா பேசுவா' என்றால் பாராட்டு. சினிமாச் செய்தியில் 'போல்ட் காட்சி' என்றால் கவர்ச்சி. அச்சகத்தில் தடித்த எழுத்து. அயர்லாந்து ஆங்கிலத்தில் 'போல்ட்' பிள்ளை என்றால் சேட்டைக்காரப் பிள்ளை. 'மே ஐ பி சோ போல்ட் ஆஸ் டு ஆஸ்க்' என்பது பழைய காலத்துப் பணிவு. டேரிங் என்பதில் சாகச வாடை அதிகம்.

திட்டும் பக்கத்தில் ஒரு அழகான ஒற்றுமை. ஆங்கிலம் உடம்பை வைத்துத் திட்டுகிறது: நெர்வ் என்றால் நரம்பு, சீக் என்றால் கன்னம், கால் என்றால் பித்தம். நாமும் கொழுப்பு, வாய்க்கொழுப்பு, நெஞ்சழுத்தம் என்கிறோம். அந்த மூன்று ஆங்கிலச் சொற்களும் 'ஹேட் தி ... டு' என்ற அதே அச்சில் உட்காரும். கடலூர் துறைமுகத்து மீன் ஏலத்தில் வஞ்சிரத்தை மத்தி விலைக்குக் கேட்பவரிடம் இருப்பது சீக். கேட்டால் சிரிப்பும் வரும். வாங்கிப்போன மீனுக்குக் காசு தராமல் மறுநாள் வந்து மறுபடி கடன் கேட்பவரிடம் இருப்பது நெர்வ். காசும் தராமல், மீன் கெட்டது என்று ஊரெல்லாம் பழி சொல்பவரிடம் இருப்பது கால். மூன்றும் பேச்சுவழக்கு. அதே அச்சில் கொஞ்சம் எடுப்பாக, எழுத்திலும் நிற்கக்கூடியது ஆடாசிட்டி. நெர்வ் பன்மையானால் கதை மாறிவிடும்: 'நெர்வ்ஸ்' என்றால் படபடப்பு.

டெமெரிட்டி எழுத்துநடைச் சொல். விளைவை யோசிக்காத அவசரம் அதில் உண்டு. இம்பூடன்ஸ் பெரியவர்களிடம் காட்டும் மரியாதைக் குறைவு, துடுக்குத்தனம்.

எஸ்எஸ்சி, வங்கித் தேர்வு எழுதுபவர்களுக்கு: எதிர்ச்சொல் கேட்டால், இரண்டு முகத்துக்கும் இரண்டு எதிர்ச்சொல் இருப்பதை நினைவில் வையுங்கள். துணிச்சல் முகத்துக்கு டிமிடிட்டி, காஷன். திமிர் முகத்துக்கு ஹுமிலிட்டி, மாடஸ்டி. நான்கு விடைகளில் எந்த அணி இருக்கிறது என்று பார்த்தால் கேள்வி எந்த முகத்தைக் கேட்கிறது என்பது தெரியும்.

ஆறாம் படி: எங்கே எழுதக் கூடாது

புகார்க் கடிதத்தில் 'யுவர் ஸ்டாஃப் ஹேட் தி ஆடாசிட்டி டு' என்று எழுதினால் படிக்கும் அதிகாரி புகாரை விட்டுவிட்டு உங்கள் கோபத்தைத்தான் படிப்பார். நடந்ததைத் தேதி, நேரத்தோடு எழுதி 'திஸ் வாஸ் நாட் ரைட்' என்று முடித்தால் கடிதத்துக்குப் பலம் அதிகம். வேலைக்கான விண்ணப்பத்தில் 'ஐ ஆம் ஆடேஷஸ்' என்று தன்னைத்தானே சொல்லிக்கொள்வதும் வேண்டாம். இது மற்றவர் நமக்குத் தரவேண்டிய பட்டம். அங்கே 'ஐ கேன் டேக் போல்ட் டெசிஷன்ஸ்' போதும். மேலதிகாரியின் திட்டத்தைப் பாராட்ட நினைத்து 'ஐ லைக் யுவர் ஆடாசிட்டி, சார்' என்றால் அது விபரீதம். பாராட்டு அவருடைய திட்டத்தின் மேல் விழட்டும்: 'இட் இஸ் ஆன் ஆடேஷஸ் பிளான், சார்.'

கைப்பழக்கம்

கீழே உள்ளவற்றை முதலில் மூடிவைத்து நீங்களே சொல்லிப்பார்த்துவிட்டு விடையைப் படியுங்கள்.

கடலூர் துறைமுகத்தில் 3ஆம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றியிருக்கும்போது படகை எடுத்துக்கொண்டு கடலுக்குள் போகிறான். இது ரெக்லெஸ், அல்லது ஃபூல்ஹார்டி, அதாவது அசட்டுத் துணிச்சல். யாரையும் அவமதிக்கவில்லை, யாரும் வியக்கவும் இல்லை. அதே அலையில் தத்தளிக்கும் ஒருவரைக் காப்பாற்ற இன்னொருவர் குதிக்கிறார்: பிரேவ்.

வெற்றிலை போடும் தாத்தாவிடம், மிட்டாய் கூடாது என்று அவர் சொன்னதற்கு, 'நீங்க மட்டும் மெல்லலாமா தாத்தா?' என்று பேரன் கேட்கிறான். சீக், பெயரடையில் சீக்கி. ஆடாசிட்டி போட்டால் குழந்தைக்குப் பாரம் அதிகம்.

கடலுக்கு நடுவே இரும்புப் பாலம் கட்டி ரயில் விட்டார்கள். பாம்பன் பாலம் 1914இல் திறக்கப்பட்டது. 'ஆன் ஆடேஷஸ் பீஸ் ஆஃப் இன்ஜினியரிங்.'

கல்யாணத்துக்கு அழைக்காத உறவினர்கள், மொய் வரவில்லை என்று வந்து சண்டை போடுகிறார்கள். 'தே டிட் நாட் இன்வைட் அஸ், அண்ட் தென் ஹேட் தி ஆடாசிட்டி டு கம்ப்ளெய்ன்.' இந்த அச்சுக்கு 'அண்ட் தென்' நல்ல துணை: முதலில் செய்த தப்பு, அதற்கு மேல் இது.

வேலை போய்விட்டதை அப்பாவிடம் சொல்ல அவளுக்குத் தைரியம் வரவில்லை. எதிர்மறை வாக்கியம், வரம்பு மீறல் இல்லை, திமிரும் இல்லை: 'ஷீ டிட் நாட் ஹேவ் தி கரேஜ் டு டெல் ஹெர் ஃபாதர்.'